கோடில்லாதவளுக்கு ஒரு பொந்து

ஒரு காட்டில் எல்லாம் கிடைத்தது, வாடகைக்கு வீடு மட்டும் கிடைக்கவில்லை. காலிப் பொந்துகள் நிறைய இருந்தன. கேள்வி கேட்காத பொந்துதான் இல்லை.

அந்தக் காட்டின் ஓரத்தில் கன்னியர் நடத்தும் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. அதன் பழைய சுவருக்குள் பிலோமினா என்ற எலி பிறந்து வளர்ந்தாள். ஐந்தாம் வகுப்புக் கரும்பலகைக்குப் பின்னாலேயே குடியிருந்தவள் என்பதால் எக்ஸ்க்யூஸ் மீ, தேங்க்யூ, சாரி எல்லாம் பிசகில்லாமல் சொல்லுவாள். தும்மினால்கூட வாயைப் பொத்திக்கொண்டு தும்முவாள். கம்ப்யூட்டர் அறை கட்டவேண்டும் என்று ஒரு நாள் அந்தச் சுவரை இடித்தார்கள். அன்று காலையில்தான் அவளுக்கு நான்கு குட்டிகள் பிறந்திருந்தன. புருஷன் எங்கோ தூரத்து நெல் கிடங்கில் வேலை பார்த்தான், எப்போதாவது வருவான். மேகம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது.

பிலோமினாவுக்குப் பயமாக இருந்தது. அவள் இயல்பாகவே பயந்த சுபாவம். குட்டிகள் பிறந்த பிறகு இலை விழுந்தால்கூட முதலில் நான்கையும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் என்ன விழுந்தது என்று பார்த்தாள்.

வழியில் ஒரு பெருச்சாளி கூப்பிட்டது. "எங்க வளையில இடம் கெடக்கு தங்கச்சி. வந்து இரு."

"தேங்க்யூ அண்ணா, பரவாயில்ல" என்று பிலோமினா நகர்ந்தாள். பெருச்சாளிகளோடு சேர்ந்தால் குழந்தைகளின் பேச்சு கெட்டுப்போகும். தவிர, அவர்கள் சாக்கடைப் பக்கம். இவள் சுவர்ப் பக்கம். இதை வேற்றுமை பார்ப்பது என்று சொல்ல முடியாது. சும்மா ஒரு இது.

அந்தக் காட்டில் வீட்டுத் தரகர் மரங்கொத்தி. எந்த மரம் உள்ளே பொள்ளல், எது காலி என்று தட்டிப் பார்த்தே சொல்லிவிடும்.

"புளியமரத்தில ஒரு பொந்து இருக்கும்மா. எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணி ஏறாது. கிழக்குப் பார்த்த வாசல். ஆனா அணில் மரம்."

"அதனால என்ன?"

"முதுகில மூணு கோடு இருக்கான்னு பார்ப்பாங்க. நேராக் கேக்க மாட்டாங்க. கேட்டா தப்புன்னு அவங்களுக்கும் தெரியும். வாம்மா வான்னு முதுகைத் தட்டிக் குடுப்பாங்க. பாசம் மாதிரியேதான் இருக்கும். கோட்டு மயிர் கொஞ்சம் தடிப்பா இருக்கும் பாரு, அது விரல்ல தட்டுப்படுதான்னு தேடறது."

"தட்டுப்படலேன்னா?"

"இப்பத்தான் ஒருத்தர் பேசி முடிச்சிட்டுப் போனாருன்னு சொல்லிடுவாங்க."

பிலோமினா கீழே கிடந்த ஒரு பெரிய பாதாம் இலையை எடுத்து முதுகில் இறுக்கிப் போர்த்திக்கொண்டாள். குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு புளியமரம் ஏறினாள்.

மரத்துக்குச் சொந்தக்காரி வரியழகி என்ற அணில். அவளுக்கும் அந்த வாரம்தான் ஒரு ஆண் குழந்தை பிறந்திருந்தது. வாசலிலேயே நின்று வரவேற்றாள்.

"வாம்மா, வா வா" என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். இலை சரசரத்தது. இன்னொரு தட்டு. மறுபடியும் சரசரப்பு. "இதென்னம்மா, போர்த்திக்கிட்டு?"

"எக்ஸ்க்யூஸ் மீ மேடம். பச்ச உடம்பு. காத்து ஆகாது."

வரியழகி திகைத்தாள். விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. காதுக்கு என்னவோ தட்டுப்பட்டது.

"எந்தப் பக்கம்மா உங்களுக்கு?"

"கான்வென்ட் பக்கம் மேடம்."

"கான்வென்ட்னா... அதிலே எந்தப் பக்கம்?"

"உள்பக்கம்."

"ஓ." வரியழகி வாலைச் சரிசெய்துகொண்டாள். "சாப்பாடெல்லாம்?"

"தானியம், பழம். கிறிஸ்துமஸ் சமயம்னா கேக்."

கேக் என்றதும் வரியழகியின் குரலில் தானாகவே ஒரு மரியாதை வந்து உட்கார்ந்தது. "தப்பா நினைச்சுக்காதே. நான் இதெல்லாம் பார்க்கிறவ கிடையாது. எங்க வீட்டிலயும் பார்க்க மாட்டார். மேல் கிளையில இருக்கறவங்க ஒரு மாதிரி. அவங்களுக்காகத்தான் கேட்டு வைக்கிறது." பிறகு உள்ளே போய்ப் புருஷனிடம், "வெளிநாட்டு அணில் போலருக்கு. அங்கெல்லாம் கோட்டை வெளியே காட்டிக்க மாட்டாங்களாம்" என்றாள்.

பொந்து கிடைத்தது. மழையும் பிடித்துக்கொண்டது.

பிறந்த குழந்தை எல்லாச் சாதியிலும் ஒரே மாதிரிதான். எலிக்குட்டியும் ரோஜா நிறத்தில் மொழுமொழு என்று இருக்கும், அணில்குட்டியும் அப்படித்தான். மயிர் முளைத்த பிறகுதான் யார் எவர் என்று தெரியும். ஆகவே பிலோமினாவுக்குக் கொஞ்ச நாள் அவகாசம் இருந்தது. அந்தக் கொஞ்ச நாளில் மழை நின்றால் போதும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். மழையோ தரையை முழுசாக மூடிவிட்டுத்தான் மூச்சு விட்டது.

மேல் கிளை அணில்களெல்லாம் பிலோமினாவின் குழந்தைகளைப் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் குழந்தையின் முகத்தைப் பார்க்கவில்லை. நேராகப் புரட்டி முதுகைப் பார்த்தார்கள்.

"இன்னும் கோடு வரல்லியே."

"வரும் ஆன்ட்டி. டாக்டர் லேட்டா வரும்னு சொன்னாங்க."

"பயத்தம்மாவு போட்டுக் குளிப்பாட்டறியா? என் நாத்தனார் பேரனுக்கு ரெண்டு கோடுதான் லேசா தெரிஞ்சுது. தேய்ச்சுத் தேய்ச்சே மூணாவது வந்துடுச்சு."

"உண்டா இருக்கறப்போ குங்குமப்பூ சாப்பிட்டியா? இல்லையா? அதான்."

"கவலைப்படாதேம்மா. கோடு கம்மியா இருந்தாலும் களையா இருக்கு" என்று ஒருத்தி ஆறுதல் சொன்னாள். அவர்கள் போன பிறகு பிலோமினா குட்டிகளைத் திருப்பிப் படுக்கவைத்து அழுதாள். பிறகு, அழுத கையோடு பயத்தம்மாவையும் தேய்த்தாள். என்ன செய்வது, தாய்.

இப்படி இருக்கையில் எதிர்ப் பொந்துக்குப் புதிதாக ஒருவர் குடிவந்தார். கொம்பேறிமூக்கன். ஒல்லியான, உயரமான, பளபளப்பான பாம்பு. தலையிலிருந்து வால்வரை நெடுக்கக் கோடு.

அணில்கள் வரிசையாக நின்று முதுகைத் தட்டினார்கள். தட்டிக்கொண்டே போனார்கள், கோடும் போய்க்கொண்டே இருந்தது.

"எங்களுக்கெல்லாம் ஒரு சாண்கூட வராது. இவருக்குப் பாரு, எவ்வளவு நீளம். பெரிய பரம்பரையா இருக்கணும்" என்றார் வரியழகியின் புருஷன்.

சாப்பாடு என்ன என்று அவரை யாரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. அன்றைக்கே அவரை மரச்சங்கத்துக்குத் தலைவராகவும் ஆக்கிவிட்டார்கள்.

பிலோமினா வரியழகியைத் தனியாகக் கூப்பிட்டு, "மேடம், சாரி, அவர் பாம்பு" என்றாள்.

"தெரியுமே."

"பாம்பு மேடம்."

"அதான் தெரியும்கறேனே. பாம்பா இருந்தா என்ன, நம்ம ஆளு."

மறுநாள் காலையில் மேல் கிளையில் ஒரு குழந்தையைக் காணவில்லை. மரமே அல்லோலகல்லோலப்பட்டது. சங்கம் கூடியது. தலைவர் சற்றே மேடான வயிற்றோடு ஒரு கிளையில் சாய்ந்திருந்தார்.

"எனக்கென்னவோ இது வெளி ஆள் வேலைன்னு தோணுது. நம்ம ஆளுங்க இப்படிச் செய்வாங்களா? எதுக்கும் எல்லார் முதுகையும் ஒரு தடவை பார்த்துடுங்க."

பார்த்தார்கள். பிலோமினாவின் முறை வந்ததும் பாதாம் இலையை உருவினார்கள். அடியில் ஒரு கோடும் இல்லை. குட்டிகளைத் திருப்பினார்கள். சாம்பல் நிறத்தில் மயிர் அரும்பியிருந்தது. சுத்தமான, ஒழுங்கான, கோடில்லாத சாம்பல்.

"எலி" என்றாள் வரியழகி. கெட்ட வார்த்தையைச் சொல்வதுபோல் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"சாரி மேடம். மழை நின்னதும் போயிடறேன்."

"அரிச்சுவடி படிச்சிருக்கியா நீ? கான்வென்ட்டுன்னு சொன்னியே. அதில முதல் எழுத்துக்கு யார் படம்? அ, அணில். நீ எங்கே இருக்கே? ஆடு, இலை, ஈ, உரல், ஊஞ்சல் எல்லாம் முடிஞ்சு அப்புறம் எ, எலி. ஈகூட உனக்கு முன்னாடி நிக்குது. எங்க முப்பாட்டனாரை ஒரு பெரியவர் தடவிக் குடுத்த விரல் தடம்மா இந்தக் கோடு."

பிலோமினா அதுவரை யாரையும் எதிர்த்துப் பேசியதில்லை. மெதுவாகச் சொன்னாள். "எங்க ஆளையும் சாமி பக்கத்திலேயே வச்சிருக்கார் மேடம். வாகனமா."

"அது டிரைவர் வேலை" என்றாள் வரியழகி.

குட்டிகளுக்கு இன்னும் கண் திறக்கவில்லை, கீழே வெள்ளம் சுழித்து ஓடுகிறது என்பதால் மரச்சங்கம் கருணையோடு ஒரு தீர்மானம் போட்டது. மழை விட்டதும் காலி செய்யவேண்டும். அதுவரை அந்தப் பொந்துப் பக்கமே யாரும் போகக்கூடாது. அவள் மற்றவர்கள் புழங்கும் கிளையில் நடக்காமல் பட்டையைப் பிடித்துக்கொண்டு அடிப்பக்கமாகப் போகவேண்டும்.

மறுநாள் இன்னொரு குழந்தையைக் காணவில்லை. "அவ இன்னும் இங்கே இருக்காளே, அதான்" என்றார்கள்.

அதற்கும் மறுநாள் மத்தியானம், கொம்பேறிமூக்கனின் தலை பிலோமினாவின் வாசலில் தெரிந்தது.

ஓட வழியில்லை. பிலோமினா நான்கு குட்டிகளையும் வயிற்றுக்கு அடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். இந்த நிமிஷத்துக்காகத்தான் பிறந்ததிலிருந்து பயந்துகொண்டிருந்தோம் என்று அவளுக்குத் தோன்றியது.

"பயப்படாதேம்மா" என்றது பாம்பு. "நான் உள்ளே வரமாட்டேன். சங்கத் தலைவர்ங்கிற முறையில, காலி பண்ணற ஏற்பாடெல்லாம் எப்படி இருக்குன்னு கேட்டுட்டுப் போக வந்தேன்."

"என் குழந்தைங்களை..."

"சீச்சீ. என்னைப் பத்தி என்ன நினைச்சே? கோடில்லாதவங்க வீட்டில நாங்க கை நனைக்கிறது வழக்கமில்ல. எனக்குக் கையே கிடையாது. இருந்தாலும் நனைக்க மாட்டேன்." பாம்பு ஒரு தடவை வாசலின் நிழல்கூடத் தன்மேல் படாமல் நகர்ந்துகொண்டது. "எங்க அப்பா பசியில செத்தார். கண்ணுக்கு முன்னால எலி வளை. தொடல்ல. அப்படி வளர்ந்தவன் நான். நம்ம ஆளுங்க வீட்டில மட்டும்தான் சாப்பிடுவேன். நாளைக்கு வரியழகி வீடு. பச்சக் குழந்தை, நல்ல குடும்பம்."

பிலோமினாவுக்கு உயிர் வந்தது. வந்த உயிரோடு கூடவே, அவளே எதிர்பாராமல், ஒரு கோபமும் வந்தது. ஏன், என் பிள்ளைகள் மட்டும் மட்டமா? பயத்தம்மாவு போட்டுக் குளிப்பாட்டி, கான்வென்ட் முறையில் வளர்த்த பிள்ளைகள். அடுத்த நொடியே தன் கன்னத்தில் தானே போட்டுக்கொண்டாள்.

பாம்பு போன பிறகு கிளைக்கு அந்தப் பக்கம் யாரோ விசும்புவது கேட்டது. வரியழகி. பொந்தை எப்போது காலி செய்வாள் என்று கேட்க அவளும் வந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

"சங்கத்தில சொல்லுங்க மேடம்."

"அவர்தானேம்மா சங்கம்." வரியழகி சுற்றுமுற்றும் பார்த்தாள். மார்போடு அணைத்திருந்த குழந்தையை நீட்டினாள். அதன் முதுகில் அப்போதுதான் பென்சிலால் கீறியதுபோல மூன்று கோடுகள் தெரிய ஆரம்பித்திருந்தன. "இவனைக் கொஞ்ச நாள் வச்சுக்கோம்மா. உங்க வீட்டுக்குள்ள அவர் வரமாட்டார்."

பிலோமினா யோசிக்கவே இல்லை. கையை நீட்டினாள். "குடுங்க மேடம். சேறு கொஞ்சம் எடுத்துட்டு வாங்க, கோட்டை மறைக்கணும்."

வரியழகி குழந்தையைக் கொடுக்காமல் நின்றாள். "ஒண்ணு மட்டும். ஒரு ஓரமா, தனி இலை போட்டுப் படுக்க வை. உன் குட்டிங்களோட ஒட்டாம."

"தனியாப் படுத்தா அவர் கண்ணில படும் மேடம். நடுவில போடணும். ரெண்டு இந்தப் பக்கம், ரெண்டு அந்தப் பக்கம்."

"நடுவிலயா?"

"நடுவிலதான்."

வரியழகி நின்றாள். குழந்தையைப் பார்த்தாள். எலிக்குட்டிகளைப் பார்த்தாள். பாம்பின் பொந்தைப் பார்த்தாள். ஒரு தாய் இவ்வளவு நேரம் யோசிப்பாளா என்று பிலோமினாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. கடைசியில், "சரி, நடுவிலேயே போடு. ஆனா பால் நான் வந்துதான் குடுப்பேன்" என்றாள் வரியழகி.

மறுநாள் பாம்பு வரியழகி வீட்டுக்குப் போய்ப் பார்த்தது. தொட்டில் காலி. அங்கே இங்கே தேடிவிட்டுப் பிலோமினாவின் வாசலுக்கு வந்தது. சேறு பூசிய ஐந்து முதுகுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.

"ஏம்மா, நாலு இருந்த மாதிரி ஞாபகம்."

பாம்பு நாக்கை நீட்டி மோந்து பார்த்தால் போதும், அணில் வாடை தெரிந்துவிடும். பாம்புக்கு நாக்குதானே மூக்கு. பதில் சொல்லியே ஆகவேண்டும்.

"எங்க ஆளுங்களைப் பத்தித் தெரியாதா சார். கணக்கு வழக்கில்லாமப் பெத்துப் போடுவோம்."

"கேள்விப்பட்டிருக்கேன்" என்றது பாம்பு. அது நாக்கை நீட்டவில்லை. கோடில்லாதவள் வீட்டுக் காற்று நாக்கில் பட்டால் தீட்டு. முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விட்டது.

விஷயம் அணில்களுக்குள் காதோடு காதாகப் பரவியது. சாயங்காலத்துக்குள் மேல் கிளைக் குழந்தைகளெல்லாம் சேறு பூசிக்கொண்டு பிலோமினாவின் பொந்துக்கு வந்து சேர்ந்தன. பயத்தம்மாவு ஆலோசனை சொன்னவளே தன் பேத்தியின் முதுகில் இரண்டு கையாலும் சேற்றை அப்பினாள். "இன்னும் கொஞ்சம் கறுப்பாத் தெரியணும்" என்று மற்றவர்களையும் ஏவினாள். "நல்லாத் தடவுங்கடி. நமக்கெல்லாம் கோடு எப்பவுமே லேசுதானே." குழந்தைகளுக்கு அம்மாக்கள் போட்ட நிபந்தனை எதுவும் ஞாபகமில்லை. யார் வாலை யார் கடிக்கிறார்கள் என்று தெரியாமல் உருண்டன. பசித்தபோது பக்கத்திலிருந்த மடியில் குடித்தன. பால் கொடுக்க வந்த வரியழகி, தன் பிள்ளை பிலோமினாவிடம் குடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பாம்பு மரம் முழுக்கத் தேடியது. வாசலுக்கு வந்து, "இன்னும் கூடியிருக்கே" என்றது. பிலோமினா வெட்கப்படுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டாள். பசியில் பாம்பின் கோடெல்லாம் சுருங்கிப்போயிருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பொந்து நிறைய சாப்பாடு. தொடவில்லை. அப்பாவுக்குத் தப்பாமல் பிறந்த பிள்ளை.

"இந்த மரம் கெட்டுப்போச்சு. எங்கே பார்த்தாலும் இவங்களாவே இருக்காங்க. கௌரவமா இருக்கறவன் இருக்க முடியாது" என்று சொல்லிவிட்டு, ராஜினாமாவையும் வாயாலேயே கொடுத்துவிட்டு, வெள்ளத்தில் மிதந்து வந்த ஒரு மட்டையில் ஏறிப் போய்விட்டது.

மழை விட்டது. வெயில் அடித்தது. அணில்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போய்த் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டினார்கள். முதல் தண்ணீர் சேற்றுக்கு. அதற்குப் பிறகு ஊற்றியதெல்லாம் எதற்கு என்று யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. மரத்துக்கே திருவிழா மாதிரி இருந்தது. பிலோமினாவுக்குப் பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். இலவம்பஞ்சில் பொன்னாடை நெய்து, முதுகு தெரியாதபடி போர்த்தினார்கள். "கோடு முதுகில் இல்லை, மனசில் இருக்கிறது" என்று வரியழகியின் புருஷன் பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். பிலோமினா மூன்று முறை தேங்க்யூ சொன்னாள். இனி குட்டிகள் இந்தக் கிளைகளிலேயே ஓடி விளையாடும் என்று நினைத்தபோது அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

கூட்டம் முடிந்ததும் வரியழகி அவளைப் பொந்துவரை கொண்டுவிட வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நீ செஞ்சதை உயிர் இருக்கறவரை மறக்க மாட்டோம்மா."

"பரவாயில்ல மேடம்."

"அதான் பிரச்சினையே. உன்னைப் பார்க்கிறப்போல்லாம் ஞாபகம் வரும். இவன் எலிப் பால் குடிச்சவன், எலிக்குட்டிங்களோட ஒரே படுக்கையில கெடந்தவன்னு வெளிய தெரிஞ்சா, நாளைக்கு இவனுக்கு யாரும்மா பொண்ணு குடுப்பா? நீயும் பிள்ளை பெத்தவ. யோசிச்சுப் பாரு. நாளைக்குக் காலையில காலி பண்ணிடு." போகும்போது திரும்பி, "அந்தப் பொன்னாடையை நீயே வச்சுக்கோ" என்றும் சொன்னாள்.

பிலோமினா அழவில்லை. பொன்னாடையைப் பிய்த்துக் குட்டிகளுக்கு மெத்தை செய்தாள். காலையில் நான்கையும் கவ்விக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனாள். அது வேப்பமரம். சொந்தக்காரர் ஒரு ஓணான். கழுத்தை ஆட்டி ஆட்டி வரவேற்றது.

"வாங்கம்மா. பொந்து காலியாத்தான் இருக்கு. நாங்க இதெல்லாம் பார்க்கிறவங்க இல்ல, இருந்தாலும் சும்மா தெரிஞ்சுக்கலாம்னுதான். உங்களுக்கு எந்தப் பக்கம்? உங்க வீட்டுக்காரர் எந்த..."

"எக்ஸ்க்யூஸ் மீ சார். அதெல்லாம் அப்புறம். இந்த மரத்தில பாம்பு இருக்கா?"

ஓணான் விழித்தது. பொய் சொல்லலாமா என்று யோசித்தது. "இருக்கும்மா. உச்சிக் கிளையில ஒண்ணு. எங்க சங்கத்துக்கு அவர்தான் தலைவர்."

"கோடு போட்டதா, போடாததா?"

"கோடு போட்டதுதான். ரொம்ப ஆசாரம்."

"அப்ப சரி" என்று பிலோமினா குட்டிகளை உள்ளே இறக்கினாள். "நான் எலி சார். அவர்கிட்ட இப்பவே சொல்லி வச்சிடுங்க."

நீதி: வாடகைக்கு வீடு தேடும் தாய்மார்கள் தண்ணீர் வசதி, காற்று வசதியைவிட முக்கியமாக, பாம்பு வசதி இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ள வேண்டும். பாம்பு இருக்கும்வரைதான் அக்கம்பக்கத்தார் அன்பாக இருப்பார்கள்.